எஸ்டேட் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லையா? முதலில் எவ்வளவு தப்பு என்று பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஒன்பது டிஜிட்டல் கடிகாரங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆபீஸில் ஒன்று, ஃபேக்டரிக்குள் நான்கு, இலை ஷெட், டிஸ்பென்சரி, கிரெச், கீழ் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) என்று மற்ற நான்கு. இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அரைத்த இலை ரோலிங் ரூமை விட்டு வெளியே வரும் நேரத்தை அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் பலகையில் எழுதுகிறார். புளிக்க வைக்கிற இடத்தில் இன்னொருவர் தன் தலைக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து அதை டிரையருக்கு அனுப்புகிறார். முதல் கடிகாரம் பத்து நிமிடம் முந்தினால், ஒரு மணி நேரம் புளிக்க வேண்டிய இலை 70 நிமிடம் புளிக்கும். அது கோப்பையில் தெரியும். பச்சை இலை எடை போடும் இடத்தில் நேரம் தப்பினால் அது ஒருவருடைய கூலியில் தெரியும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபீஸில் இ.எஸ்.பி. 32 என்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சிப்) தலைமைக் கடிகாரமாக இருக்கிறது. அதற்கு ஜி.பி.எஸ். மாட்யூலிலிருந்து நேரம் வருகிறது, ஜி.பி.எஸ். இல்லாத நேரத்துக்கு பட்டன் செல்லில் ஓடி நேரம் காக்கும் டி.எஸ். 3231 என்ற ஆர்.டி.சி. சிப் கைகொடுக்கிறது. ஃபேக்டரியின் நான்கு கடிகாரங்களுக்கும் இலை ஷெட்டுக்கும் ஆர்.எஸ். 485 என்ற இரண்டு கம்பித் தகவல் கேபிள் வழியாகவும், மற்ற மூன்றுக்கும் வைஃபையில் என்.டி.பி. (நெட்வொர்க்கில் நேரத்தைக் கேட்டு வாங்கும் முறை) வழியாகவும் நேரம் போகிறது. வெளி இன்டர்நெட்டை நம்பி இதைக் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மலையில் ஒரு மரம் விழுந்தால் இரண்டு நாள் நெட் இருக்காது. நெட் இருக்கும்போது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், அது போதும். இந்திய நேரத்தைப் பேணுகிறவர்கள் அவர்கள்தான்.

புகார் வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். நோட்டை எடுங்கள். எந்தக் கடிகாரம், எவ்வளவு வித்தியாசம், எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். "டைம் தப்பா காட்டுதுண்ணா" என்று சொல்கிறவரிடம், "சரியா எத்தனை காட்டுது, உங்க போன்ல எத்தனை?" என்று இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு எண்ணே பாதி வேலையை முடித்துவிடும்.

கரண்ட் வந்த பிறகு 5:30லிருந்து ஓடுகிறது

மலையில் அதிகமாக வரும் புகார் இது. காலை பத்து மணிக்கு டிஸ்பென்சரி கடிகாரம் 5:47 காட்டும். கடிகாரம் கெட்டுவிட்டது என்பார்கள். அது கெடவில்லை, அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. மைக்ரோகண்ட்ரோலர் காலத்தை உலகப் பொது நேரப்படி (யு.டி.சி.) 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளாக எண்ணுகிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் இருக்கும்போது அதோடு இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணியைக் கூட்டினால் 5:30. ஆக 5:47 என்றால் கரண்ட் வந்து 17 நிமிடம் ஆகிறது, அந்த 17 நிமிடமும் தலைமைக் கடிகாரத்திடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்ததாக, தேதிப் பொத்தானை அழுத்துங்கள். 1970 என்று வந்தால் அந்தக் கடிகாரத்தின் ஆர்.டி.சி. சிப்பே பதில் சொல்லவில்லை: கம்பி கழன்றிருக்கும், சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கும். 2000 ஜனவரி 1 என்று வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது, அதன் பட்டன் செல் செத்துவிட்டது. டி.எஸ். 3231 மின்சாரமே இல்லாமல் கிடந்து எழுந்தால் 2000லிருந்துதான் எண்ணத் தொடங்கும். இரண்டுக்கும் திரையில் ஒரே 5:30தான் தெரியும். ஆண்டுதான் பிரித்துக் காட்டும்.

பட்டன் செல் சாவதற்கு ஒரு காரணத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். சந்தையில் கிடைக்கும் நீல நிற ஆர்.டி.சி. மாட்யூலில், செல் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். அது சார்ஜ் ஏற்றக்கூடிய எல்.ஐ.ஆர். 2032 வகைக்கான சுற்று. நாம் கடையில் வாங்கிப் போடுவதோ சார்ஜ் ஏற்றக் கூடாத சி.ஆர். 2032. ஐந்து வோல்ட் கொடுத்து ஓட்டினால் அந்தச் செல்லுக்குள் ஓயாமல் மின்சாரம் ஏறி, உப்பிக் கசியும். அந்த ரெசிஸ்டரைச் சூடாக்கிக் கழற்றிவிடுங்கள். ஒன்பது மாட்யூலிலும் நான் கழற்றியிருக்கிறேன்.

ஆர்.டி.சி., செல் எல்லாம் பார்த்த பிறகு ரவுட்டரையும் பாருங்கள். கரண்ட் வந்ததும் கடிகாரம் இரண்டு வினாடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒரே முறை நேரம் கேட்டுவிட்டு விட்டுவிடும் நிரல் என்றால் அன்று முழுக்க 5:30 கணக்கில்தான் ஓடும். முதலில் பத்து வினாடிக்கு ஒரு முறை, பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்த பிறகு மணிக்கு ஒரு முறை போதும். எல்லா வைஃபை கடிகாரமும் ஒரே நாளில் இப்படி ஆனால், ரவுட்டர் தலைமைக் கடிகாரத்துக்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டதா என்று பார்த்து, அதற்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. நேரம் தெரியாத கடிகாரம் நேரம் காட்டக் கூடாது. நான்கு கோடு காட்டட்டும். கோட்டைப் பார்க்கிறவர் போனைப் பார்த்துக்கொள்வார். 5:47ஐப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள்தான், ஆனால் அதே கடிகாரம் சாயங்காலம் 4:55க்கு 4:40 காட்டினால் நம்பிவிடுவார்கள். டி.எஸ். 3231 தன் ஓட்டம் இடையில் நின்றதா என்பதை ஒரு கொடி பிட்டில் குறித்துவைக்கிறது. நிரல் அதைப் படித்து, கொடி ஏறியிருந்தால் கோடு காட்டட்டும்.

சரியாக ஒரு மணி நேரம் தப்பு

12 மணிக் கணக்கில் காட்டும் கடிகாரத்தில் வரும் புகார். நிமிடமும் வினாடியும் கச்சிதமாக இருக்கும், மணி மட்டும் ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். வெயில்கால நேரம், குளிர்கால நேரம் என்று மாற்றும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. பின்னே ஏன் ஒரு மணி நேரம்?

உண்மையில் தப்பு 11 மணி நேரம். நேர மண்டலத்தைக் குறிக்கும் வரியில், இந்திய நேரத்துக்கு ஐந்தரைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். நாம் யு.டி.சி.யை விட முந்தி இருக்கிறோம் என்று நினைத்துக் கூட்டல் குறி போட்டால் கடிகாரம் யு.டி.சி.க்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். சரியான நேரத்துக்கு 11 மணி நேரம் பின்னால். காலை 10 மணி, முந்தின நாள் இரவு 11 ஆகிறது. திரையில் 11:00. பார்க்கிறவருக்கு ஒரு மணி நேரம் முந்துகிறது. இதற்கு நேர்மாறாக 9:00 காட்டினால் ஐந்தரை தேவைக்கு மேல் இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது: தலைமைக் கடிகாரம் ஏற்கெனவே இந்திய நேரமாக மாற்றி அனுப்ப, வாங்குகிற கடிகாரமும் இன்னும் இரண்டு முறை கூட்டியிருக்கும். கேபிளில் போவதும் ஆர்.டி.சி.யில் எழுதுவதும் எப்போதும் யு.டி.சி.யாகவே இருக்கட்டும். திரைக்கு அனுப்பும் கடைசி வரியில் மட்டும் ஐந்தரையைச் சேருங்கள்.

நெட்வொர்க் இருக்கும்போது சரி, கரண்ட் போய் வந்த கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் முந்துகிறது என்றால் அதுவும் இதே குடும்பம்தான். ஆர்.டி.சி.க்குள் இந்திய நேரம் எழுதப்பட்டிருக்கிறது.

நேரம் சரி, வினாடி மட்டும் சேர்ந்து மாறவில்லை

ஃபேக்டரி வாசலில் நின்றால் உள்ளே ஒரு கடிகாரமும் ஆபீஸ் சுவரில் ஒரு கடிகாரமும் ஒரே பார்வையில் விழும். ஒன்று மாறி அரை வினாடி கழித்து இன்னொன்று மாறும். இதனால் யார் வேலையும் கெடாது, ஆனாலும் எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. காரணம் பெரும்பாலும் நிரலில் இருக்கும். என்.டி.பி. பதிலில் முழு வினாடியோடு வினாடியின் பின்னமும் வருகிறது. பலர் பின்னத்தை வீசிவிடுகிறார்கள். 0.9 வினாடி கழிந்திருந்தாலும் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் அந்தக் கடிகாரம் கிட்டத்தட்ட ஒரு வினாடி பின்தங்கும். பின்னத்தையும் சேர்த்து, அடுத்த வினாடி விளிம்பு வரை காத்திருந்து திரையை மாற்றுங்கள். "ஆயிரம் மில்லிவினாடி தூங்கு, திரையை மாற்று" என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். திரையை எழுத ஆகும் நேரமும் அதோடு சேர்ந்து, சில நிமிடத்தில் ஒரு வினாடி தாவும். கேபிள் கடிகாரங்களுக்கு வழி இன்னும் எளிது: தலைமைக் கடிகாரம் ஜி.பி.எஸ். தரும் வினாடித் துடிப்பின் மேல் செய்தியை அனுப்பட்டும்.

சங்கு இரண்டு முறை ஊதுகிறது

காலைச் சங்கு ஒரு முறை ஊதி, இரண்டு வினாடி கழித்து மறுபடி ஊதியது. லைனில் எல்லோரும் விபத்தோ என்று ஓடிவந்தார்கள். அன்று சங்கை இயக்கும் கடிகாரம் இரண்டு வினாடி முந்தியிருந்தது, 8:00:00 என்று ஊதியது, அதே கணம் திருத்தம் வந்து 7:59:58க்குப் பின்னால் போனது, மீண்டும் 8:00:00. இதற்கு இரண்டு மருந்து, இரண்டும் வேண்டும். எந்த நிமிடத்துக்கு ஊதினோம் என்பதை நினைவில் வைத்து, அதே நிமிடத்துக்கு மறுபடி ஊதாமல் தடுங்கள். சிறு வித்தியாசம் என்றால் கடிகாரத்தைப் பின்னால் இழுக்காமல் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு ஒத்துவரச் செய்யுங்கள். திருத்தம் முன்னோக்கித் தாவினால் ஊத வேண்டிய வினாடியே விடுபட்டுப்போகும். ஆகவே "சரியாக 8:00:00" என்று பார்க்காமல் "8:00 தாண்டிவிட்டது, இன்னும் ஊதவில்லை" என்று பாருங்கள்.

மார்கழி, தையில் மட்டும் பின்தங்குகிறது

பழைய டி.எஸ். 1307 சிப்பும் வெளியே ஒட்டிய சிறு படிகமும் உள்ள கடிகாரங்களில் இது வரும். அந்தப் படிகம் 32,768 ஹெர்ட்ஸில் அதிர்வது. 25 டிகிரி செல்சியஸில்தான் அதற்கு முழு வேகம். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் வேகம் குறையும், வித்தியாசத்தின் வர்க்கத்தில். ஒவ்வொரு வர்க்க டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 0.034 பங்கு. இலை ஷெட் போன்ற திறந்த கொட்டகையில் இரவு 5 டிகிரிக்கு இறங்கினால் வித்தியாசம் 20. அதன் வர்க்கம் 400. பத்து லட்சத்தில் 13.6 பங்கு, நாள் முழுக்க அதே குளிர் என்றால் 1.2 வினாடி, மாதத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல். சமவெளியில் மேஜையில் வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே வராது. டி.எஸ். 3231 வெப்பத்தை அளந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள், ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் நிற்கும். விலை கொஞ்சம் கூடினாலும் மலைக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்று. நெட்வொர்க்கில் இருக்கும் கடிகாரம் குளிரில் பின்தங்குகிறது என்றால் அதற்குத் திருத்தமே போய்ச் சேரவில்லை என்பதுதான் முதல் செய்தி. படிகம் இரண்டாவது.

ஐப்பசி மழையில் கீழ் லைன் கடிகாரம் துண்டிக்கப்படுகிறது

கூடலூர்ப் பக்கம் ஆடி மழை என்றால், எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி கார்த்திகைதான். மூடுபனிமேல் பழி போடுவார்கள். பனி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதாகத் தொடாது. நனைந்த இலை தடுக்கும். நடுவே இருக்கும் சில்வர் ஓக் வரிசை வெயிலில் விட்ட அலையை, இலை முழுக்கத் தண்ணீர் கோத்து நிற்கும்போது விடாது. என் கடிகாரம் தன் சிக்னல் அளவையும் அனுப்பும்படி செய்திருக்கிறேன்: வெயில் நாளில் மைனஸ் 65, மழையில் மைனஸ் 85. இந்த இருபதுதான் விஷயம்.

நேர்கோட்டில் எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 200 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி இரண்டரை மீட்டர் ஆரத்துக்கு வெற்றிடம் வேண்டும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நிழலுக்காக நட்ட மரம் அது. கம்பத்தை நகர்த்துங்கள். நகர்த்துமுன், வெளியில் இருக்கும் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றி உதறிப் பாருங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் பிரச்சினை மரத்தில் இல்லை.

மோட்டார் கிளம்பும்போது 27:41 காட்டுகிறது

கேபிளில் இரைச்சல். டிரையர் ஃபேனோ ரோலர் மோட்டாரோ கிளம்பும் நொடியில் செய்தி சிதைகிறது. கடிகாரம் சிதைந்ததையும் நம்பிக் காட்டுகிறது. செய்தியின் கடைசியில் சரிபார்ப்புத் தொகை வைத்து, பொருந்தாததைத் தள்ளுங்கள். திடீரென்று இரண்டு வினாடிக்கு மேல் மாற்றச் சொல்லும் செய்தியை, அடுத்தடுத்து மூன்று முறை அதையே சொன்னால் ஒழிய ஏற்காதீர்கள்.

பிறகு கேபிளுக்கு வாருங்கள். எல்லா மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஏ, பி இரண்டு கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவைப் படியுங்கள். கேபிளின் இரண்டு கடைசியிலும் தலா ஒரு 120 ஓம் இருக்க வேண்டும், ஆகவே 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் இல்லை. 40 வந்தால் நடுவே எங்கேயோ ஒன்று கூடுதல். எனக்கு முதல் முறை 20 வந்தது! மலிவான ஆர்.எஸ். 485 மாட்யூல் ஒவ்வொன்றிலும் 120 ஓம் ஏற்கெனவே பற்றவைத்தே வருகிறது; தலைமையும் சேர்த்து ஆறு, 120ஐ ஆறால் வகுத்தால் 20. நடுவில் இருக்கும் நான்கிலும் எடுத்துவிட்டேன், 60 வந்தது, 27:41 அன்றோடு போனது. முறுக்கிய ஜோடிக் கம்பியையே போடுங்கள், மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகவிடாதீர்கள், உறை இருந்தால் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

எழுத்தே கட்டை கட்டையாக, எல்லாத் துண்டும் எரிந்தபடி வந்தால் அது நேரப் பிரச்சினை கிடையாது. திரையை ஓட்டும் மேக்ஸ் 7219 சிப் ஐந்து வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 'ஒன்று' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும், இ.எஸ்.பி. தருவது 3.3. நடுவே அதை ஐந்து வோல்ட்டாக உயர்த்தித் தரும் 74 எச்.சி.டி. 125 சிப் ஒன்றைப் போடுங்கள்.

ஏழு வாரத்துக்கு ஒரு முறை உறைந்து நிற்கிறது

நிரலின் மில்லிவினாடிக் கவுண்டர் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போது, குறித்த நேரத்தை விடப் பெரிதா" என்று ஒப்பிடும் நிரல் அங்கே நிற்கும். "இப்போது கழித்தல் அப்போது, இடைவெளியை விடப் பெரிதா" என்று மாற்றினால் தீர்ந்தது. சேர்ந்து கரண்ட் வாங்கிய கடிகாரங்கள் சேர்ந்தே நிற்பதுதான் இதன் அடையாளம்.

எல்லாக் கடிகாரமும் சேர்ந்தே தப்பு

தலைமையில் கோளாறு. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு எல்லாம் இரண்டு மூன்று வினாடி முந்தி, கால் மணி நேரத்தில் தானே சரியானால் பயப்பட வேண்டாம். ஜி.பி.எஸ். நேரம் யு.டி.சி.யை விட இப்போது 18 வினாடி முந்தி இருக்கிறது. அந்தத் திருத்த எண்ணைச் செயற்கைக்கோள் பன்னிரண்டரை நிமிடச் சுற்றில் ஒரு முறைதான் சொல்லும். அதுவரை மாட்யூல் தன் பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போடும். தலைமை எழுந்து 15 நிமிடம் ஆகும்வரை ஆர்.டி.சி. நேரத்தையே அனுப்பட்டும்.

நேரம் சரியாக இருந்து தேதி மட்டும் இருபது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் போனால், அது வார எண்ணிக்கை. ஜி.பி.எஸ். 1024 வாரம் எண்ணிவிட்டுப் பூஜ்யத்துக்கு வரும். கடைசியாக 2019 ஏப்ரலில் வந்தது. நிரல் எழுதிய தேதிக்கு முந்தைய தேதி வந்தால் 7168 நாளைக் கூட்டச் சொல்லுங்கள்.

இருபது நிமிடம் முந்துகிறது என்றும் ஒரு புகார் வந்தது. சொன்னவர் ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா. கொடிக்கம்பத்தின் நிழல் மிகக் குறுகும்போது 12:20ஐத் தாண்டியிருந்ததைக் கவனித்திருக்கிறார். "தாத்தா, நீங்க பாத்தது சரிதான்" என்றேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் அதற்கு ஐந்தரைப் பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று சராசரியாக 22 நிமிடம் பிந்தித்தான் சூரியன் நமக்கு உச்சிக்கு வரும். சில மாதங்களில் அது கால் மணி நேரம் அளவுக்கு இன்னும் முன்பின்னாகும். கடிகாரத்தில் திருத்த எதுவும் இல்லை. ஆனால் அப்படிப் பார்க்கிற கண் எஸ்டேட்டில் இன்னும் நான்கு பேருக்கு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இடி இடித்த மறுநாள் கேபிள் பக்கம் எல்லாம் கோடு

சித்திரை வைகாசிக் கோடை இடியில் வருவது. மின்னல் நேரே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே ஃபேக்டரி எர்த்துக்கும் இலை ஷெட் எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். ஆர்.எஸ். 485 சிப் தாங்குவது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான்.

230 வோல்ட்டை முதலில் துண்டித்துவிடுங்கள், ஃபேக்டரி எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளிலிருந்து ஒவ்வொரு கடிகாரமாகக் கழற்றி, சிப்பின் ஏ காலுக்கும் தரைக்கும் நடுவே அளந்து பாருங்கள். நல்ல சிப்பில் கிலோ ஓம் கணக்கில் வரும். எரிந்ததில் சில ஓம்தான். ஒரே ஒரு சிப் ஷார்ட் ஆனாலும் மொத்தக் கேபிளும் ஊமையாகிவிடும், ஆகவே ஐந்தும் செத்ததாகத் தோன்றினால் ஐந்தையும் வாங்கிவிடாதீர்கள். சிப்பை சாக்கெட்டில் வைத்திருந்தால் மாற்ற ஒரு நிமிடம். மாற்றும்போதே கட்டிடம் தாண்டும் இடத்தில் தனிமைப்படுத்திய ஆர்.எஸ். 485 மாட்யூல் போடுங்கள். அதற்குத் தனி மின்வழங்கி கொடுங்கள், இல்லாவிட்டால் தனிமை பெயரளவுக்குத்தான். இலை ஷெட்டுக்கு இனி கேபிளே வேண்டாம் என்று முடிவு செய்து வைஃபைக்கு மாற்றினாலும் அது நல்ல முடிவு. அப்படி மாற்றினால் கேபிளின் புதிய கடைசியில் 120 ஓமை மறக்காமல் வையுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி ஓம் அளவு. 60 வந்தால் கரண்ட் கொடுத்துவிட்டு, ஃபேக்டரி வாசலில் போய் நின்று இரண்டு கடிகாரத்தின் வினாடியும் சேர்ந்து மாறுகிறதா என்று ஒரு முழு நிமிடம் பாருங்கள்.